முழங்காலுக்குள் இரு பிறைகள்

 

ஒரு நாளில் நம்மீது கடமையாக்கப்பட்ட தொழுகைகள் ஐந்து. அவற்றின் ரக்அத்துகள் பதினேழு. ஒரு ரக்அத்துக்கு இரண்டு ஸஜ்தாக்கள் எனக் கணக்கிட்டால், சுன்னத்தும் நஃபிலும் நீங்கலாகவே நாளொன்றுக்கு 34 முறை நம் நெற்றி நிலத்தைத் தொடுகிறது. ஓராண்டில் அது பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். நெற்றி நிலத்தைத் தொட வேண்டுமானால், அதற்கு முன் முழங்கால் மடங்க வேண்டும். அந்த மூட்டைப் பற்றி நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு 90 பாகையோ அதற்குச் சற்று மேலோ தேவைப்படும். தொழுகையின் இருப்பில் அமர்வதற்கோ 140 பாகைக்கு மேல் மடங்க வேண்டியிருக்கிறது. நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் ஒருவர் தம் முழங்காலின் முழு ஆற்றலையும் ஒருபோதும் அறியாமலே போகலாம். தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து ஓதி, தரையில் நெற்றி வைத்துத் தொழுகின்ற நமக்கு அந்த ஆற்றல் நாள்தோறும் தேவை. எனவே முழங்காலுக்குள் இருப்பது என்ன, அது எப்படிப் பழுதாகிறது, பழுதானால் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை நாம் தெரிந்திருத்தல் நலம்.

"மூட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். இந்த 'ஜவ்வு' என்னும் ஒரே சொல், முழங்காலில் உள்ள இருவேறு உறுப்புகளையும் குறிக்கிறது. ஒன்று, எலும்பை எலும்போடு கட்டி நிறுத்தும் நார். மருத்துவர்கள் இதனை லிகமென்ட் என்பர். நாம் பிணைநார் என்போம். மற்றொன்று, இரு எலும்புகளுக்கும் இடையில் மெத்தைபோல் அமைந்துள்ள குருத்து. மருத்துவர்கள் இதனை மெனிஸ்கஸ் என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சின்னஞ்சிறு பிறை என்று பொருள். அரபு மருத்துவ நூல்களிலும் இதன் பெயர் 'அல்குள்ரூஃபுல் ஹிலாலீ', அதாவது பிறைக்குருத்து என்பதே. ஒவ்வொரு முழங்காலுக்குள்ளும் இத்தகைய பிறைகள் இரண்டு உள்ளன. நார் அறுவதும் குருத்து கிழிவதும் வெவ்வேறு துன்பங்கள். அவற்றுக்கான மருத்துவமும் வெவ்வேறு.

நான்கு கயிறுகள்

தொடை எலும்பின் கீழ்முனை இரண்டு உருளைகளைச் சேர்த்து வைத்தாற்போன்ற வடிவமுடையது. அதனைத் தாங்கும் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்போ ஏறத்தாழத் தட்டையானது. தட்டையான பலகைமீது உருளையை வைத்து, அதன்மேல் உடலின் முழு எடையையும் ஏற்றினால் அது உருண்டோடிவிடும் அன்றோ? உருளாமல் தடுப்பவை நான்கு பிணைநார்கள்.

மூட்டின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நார்கள் உள்ளன. கால் உட்புறமோ வெளிப்புறமோ வளைந்துவிடாமல் இவை காக்கின்றன. மூட்டின் நடுவில் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் நார்கள் இரண்டு. முன் குறுக்கு நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைக்கிறது. பின் குறுக்கு நார், அது பின்னோக்கி நழுவாமல் தடுக்கிறது.

முன் குறுக்கு நாரின் நீளம் மூன்று செண்டிமீட்டருக்குச் சற்று மேல். நம் சுண்டுவிரலைவிடச் சிறியது. அதன் வலிமையோ வியப்பூட்டுவது. ஸாவியோ வூ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, இளம் வயதினரின் முன் குறுக்கு நார் அறுபடுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. ஏறத்தாழ 220 கிலோ எடையை அதில் தொங்கவிடுவதற்கு இது சமம். அதே ஆய்வில், அறுபது வயதைத் தாண்டியவர்களின் நார் 660 நியூட்டன் அளவிலேயே அறுந்துவிட்டது. வயது ஏற ஏற நாரின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்பதை முதியோரும், முதியோரைப் பேணுவோரும் நினைவில் கொள்ள வேண்டும்.

220 கிலோவைத் தாங்கும் நார் ஒரு கபடி ஆட்டத்தில் எப்படி அறுந்துபோகிறது? நெம்புகோலை எண்ணிப் பாருங்கள். நீண்ட கடப்பாரையின் முனையில் சிறிது அழுத்தினால் பெரும்பாறையும் அசைகிறது. நம் கீழ்க்காலும் அத்தகையதொரு கடப்பாரையே. பாதத்திலிருந்து முழங்கால் வரை 40 செண்டிமீட்டர் நீளம் என்று கொள்வோம். மூட்டு சாயும் புள்ளியிலிருந்து நார் இருக்கும் இடம் 4 செண்டிமீட்டர் என்று கொள்வோம். பாதத்தில் பக்கவாட்டாக விழும் 20 கிலோ விசையை அந்த நார் மட்டுமே தடுத்து நிற்க நேர்ந்தால், அதன்மீது விழும் இழுப்பு பத்து மடங்காகி 200 கிலோவை எட்டிவிடும். தொடைத் தசைகள் உரிய நேரத்தில் இறுகி அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்வதால்தான் நாம் அன்றாடம் தப்பிக்கிறோம்.

தசைகள் விழித்துக்கொள்வதற்குள் விசை தாக்கிவிட்டால் நார் தனித்து நிற்க நேரிடுகிறது. முன் குறுக்கு நார் அறுபடும் நிகழ்வுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு, பிறர் மோதாமலே நேர்பவை. குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போதும், ஓடிவந்து சட்டென நின்று திரும்பும்போதும், பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பும்போதும் முழங்கால் உட்பக்கம் சாய்ந்து திருகிக்கொள்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் ஊர்களில் கபடியும் கால்பந்தும் இருசக்கர வாகன விபத்துகளும் இதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. பள்ளி, கல்லூரிகளில் விளையாடும் நம் பெண்மக்களின் மீதும் கவனம் வேண்டும். கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்காயம் அதிகம் நேர்வதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இரு பிறைகள்

இனி, பிறைக்குருத்துகளைக் காண்போம். உட்புறம் உள்ளது நன்கு விரிந்த பிறை வடிவம். வெளிப்புறம் உள்ளது முனைகள் நெருங்கி வட்டத்தை ஒத்திருக்கும் பிறை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓரம் தடித்தும் உள்விளிம்பு மெலிந்தும் ஆப்புபோலத் தோன்றும். உருளையான எலும்புக்கும் தட்டையான எலும்புக்கும் இடையில் உள்ள இடைவெளியை இந்த ஆப்புகள் நிரப்புகின்றன. அதனால் சுமை ஒரு புள்ளியில் குவியாமல் பரந்து இறங்குகிறது. கால் நேராக இருக்கும்போது மூட்டில் இறங்கும் சுமையில் ஏறத்தாழப் பாதியையும், 90 பாகை மடங்கியிருக்கும்போது நூற்றுக்கு 85 பங்கையும் பிறைகளே ஏற்கின்றன. முழங்கால் மடங்க மடங்கப் பிறைகளின் பணி கூடுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை இறுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமை ஏறும்போது சக்கரத்தின் மரத்துண்டுகள் வெளிப்புறம் விலகப் பார்க்கின்றன. பட்டை அவற்றை விலக விடாமல் பிடித்துக்கொள்கிறது. பிறைக்குருத்தும் அப்படியே இயங்குகிறது. மேலிருந்து எடை அழுத்தும்போது அது வெளிப்புறம் பிதுங்கப் பார்க்கிறது. அதனுள் வளையமாக ஓடும் இழைகளும், எலும்பில் ஆழப் பதிந்துள்ள முன்வேர், பின்வேர் ஆகிய இரண்டும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. இழைகளின் போக்கிலேயே நீளவாட்டில் கிழிந்தால் பட்டை பெரும்பாலும் தப்பிவிடும். குறுக்கே கிழிந்தாலோ, வேர் அறுந்தாலோ, பட்டையே வெட்டுப்பட்டதாகிவிடும். அதன்பின் பிறை தன் இடத்தில் இருந்தும் சுமை தாங்க இயலாததாகிவிடுகிறது.

பிறைகள் நிலையாக நிற்பவையும் அல்ல. முழங்கால் நன்கு மடங்கும்போது வெளிப்பிறை ஏறத்தாழ 11 மில்லிமீட்டரும், உட்பிறை 5 மில்லிமீட்டரும் பின்னோக்கி நகர்கின்றன. உட்பிறை பக்கவாட்டு நாரோடு இறுகப் பிணைந்திருப்பதால் விரைந்து விலகிக்கொள்ள முடிவதில்லை. அது அடிக்கடி கிழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்த ஓட்டத்தையும் இங்கே கருத வேண்டும். பிறக்கும் குழந்தையின் பிறைக்குருத்து முழுவதிலும் இரத்தக் குழாய்கள் உள்ளன. ஏறத்தாழப் பத்து வயதுக்குள் அவை சுருங்கி வெளியோரத்தில் மட்டும் எஞ்சுகின்றன. வளர்ந்தவர்களின் உட்பிறையில் ஓரத்து 10 முதல் 30 விழுக்காடு அகலம் மட்டுமே இரத்தம் பெறுகிறது. எனவே வெளியோரத்தில் நேரும் கிழிசல் தைத்தால் ஆறக்கூடும். உள்விளிம்பில் நேர்வது ஆறுவது அரிது. பிணைநார்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. உட்பக்கப் பக்கவாட்டு நார் அறுந்தால் பெரும்பாலும் பட்டை அணிந்து ஓய்வளித்தாலே கூடிவிடும். மூட்டு நீரில் தோய்ந்திருக்கும் முன் குறுக்கு நாருக்கு அறுந்த முனைகளை இணைக்கும் இரத்தக்கட்டு நிலைப்பதில்லை. ஆதலால் அது எளிதில் கூடுவதில்லை.

பயனற்றதென்று கருதிய காலம்

எலும்பு முறிவுகளைப் பற்றியும் மூட்டு விலகலைப் பற்றியும் விரிவாக எழுதியவர் கொர்தோவாவின் மாமருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அவருடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதி அறுவை மருத்துவத்துக்கே உரியது. ஆயினும் உயிருள்ள மனிதரின் மூட்டைத் திறந்து பிறைக்குருத்தைச் சீர்செய்ய, அவருக்குப் பின் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1883இல் எடின்பரோ நகரில் தாமஸ் அன்னண்டேல் என்னும் அறுவை மருத்துவர், ஒரு சுரங்கத் தொழிலாளியின் விலகிய பிறைக்குருத்தைத் தைத்து உரிய இடத்தில் பொருத்தினார்.

அந்த நல்ல தொடக்கம் நீடிக்கவில்லை. 1897இல் பிளாண்ட் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், பிறைக்குருத்து என்பது பழைய கால் தசையொன்றின் பணியற்ற எச்சம் என்று எழுதினார். பயனற்றதென்று முடிவானபின் அதனைத் தைப்பானேன்? கிழிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. நோயாளிகளும் சில வாரங்களில் எழுந்து நடந்தார்கள். எல்லாம் நன்றாகவே தோன்றியது.

1948இல் ஃபேர்பேங்க் என்னும் மருத்துவர், பிறைக்குருத்து நீக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து தம் கட்டுரையை வெளியிட்டார். மூட்டின் இடைவெளி குறுகியிருந்தது. எலும்பின் உருளை தட்டையாகியிருந்தது. ஓரத்தில் முகடு வளர்ந்திருந்தது. பிறை நீங்கியதும் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு பாதிக்கும் கீழே சுருங்கி, அழுத்தம் இரு மடங்கும் அதற்கு மேலும் உயர்கிறது என்பதைப் பிற்கால அளவீடுகள் உறுதிசெய்தன. பயனற்றதென்று எறியப்பட்ட உறுப்பே மூட்டைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. படைத்தவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்னும் உண்மையை மருத்துவ உலகம் இவ்விஷயத்தில் அரை நூற்றாண்டு கழித்தே உணர்ந்தது.

அடுத்த திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. நம்மைப் போலவே தரையில் மண்டியிட்டு அமரும் பழக்கமுடைய மக்கள் அவர்கள். காசநோயால் முழங்கால் விறைத்து, மண்டியிட இயலாமற்போவது அந்நாட்டில் பெருங்குறையாக இருந்தது. அந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் நோக்குடன், 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்னும் பேராசிரியர், சிறுநீர்ப்பையை நோக்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் வழிவந்த மஸாகி வதனபே 1962இல், சிறுதுளை வழியாகவே பிறையின் கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். 1969இல் ஹிரோஷி இகேயுச்சி அதே முறையில் கிழிசலைத் தைத்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் துளைவழி மூட்டறுவைக்கு அடித்தளம் இட்டவர்கள் இவர்களே.

கிழிந்துவிட்டால்?

இங்கே இருவகைத் தவறுகள் நேர்கின்றன. இளைஞருக்கு நேர்ந்த காயத்தைச் சுளுக்கு என்று புறக்கணிப்பது ஒன்று. நடுவயதினரின் தேய்மானக் கிழிசலுக்கு அவசரப்பட்டு அறுவை செய்துகொள்வது மற்றொன்று.

விளையாடும்போது முழங்கால் திருகி 'டப்' என்ற ஒலி கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் பொருள். முன் குறுக்கு நார் அறுந்திருக்க வாய்ப்பு மிகுதி. வீக்கம் மறுநாள் மெல்ல எழுந்தால் பிறைக்குருத்து கிழிந்திருக்கக் கூடும். இரண்டும் சேர்ந்தே நேர்வதும் உண்டு. இத்தகைய முழங்காலைத் தைலமிட்டு அழுத்தி நீவுவதும், 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று முறுக்கி இழுப்பதும் வேண்டாம். ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வையுங்கள். மிதமாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நாரும் பிறையும் தெரியா. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதை "முழங்காலில் ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொள்ளலாகாது. கைதேர்ந்த மருத்துவர் காலை அசைத்துப் பார்த்தே பலவற்றை உணர்வார், தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

வீக்கம் வடிந்து நடக்க முடிந்தவுடன் பலர் மருத்துவத்தைக் கைவிட்டு விடுகிறார்கள். திரும்பும்போதெல்லாம் முழங்கால் நழுவுமானால், ஒவ்வொரு நழுவலும் பிறைக்குருத்தை அரைக்கிறது. நார் அறுந்த ஒவ்வொருவருக்கும் உடனே அறுவை வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனில் 121 இளம் விளையாட்டார்வலர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் பயிற்சி மருத்துவம், தேவையானால் பின்னர் அறுவை என்று வைக்கப்பட்ட பிரிவினரில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஐந்தாண்டுகள் கழிந்த பின்னும் அறுவையின்றியே இருந்தனர். நழுவலை வளரவிடுவது மட்டும் கூடாது. நாரை மாற்றி அமைத்துக்கொண்டோரும் பொறுமை காக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன் ஆடுகளம் திரும்பினால் மறுபடியும் காயமுறும் வாய்ப்பு மிகுதி. பிரேஸில் கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் முன் குறுக்கு நாரும் பிறைக்குருத்தும் கிழிந்தன. உலகின் சிறந்த மருத்துவ வசதிகள் கிடைத்தும் அவர் களம் திரும்ப ஓராண்டாயிற்று.

நடுவயதினரின் நிலை வேறு. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 35 பேருக்குப் பிறைக்குருத்து கிழிந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு வலியே இல்லை! நரை முடியைப் போலவே இதுவும் வயதின் ஓர் அடையாளமாக இருக்கலாம். பின்லாந்தில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் தேய்மானக் கிழிசல் உடைய 146 பேரில் ஒரு பிரிவினருக்குக் கிழிந்த பகுதி நீக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு அறுவை செய்வதுபோன்ற ஏற்பாடு மட்டுமே செய்யப்பட்டது. ஓராண்டு கழித்து இரு பிரிவினரின் நலத்திலும் வேறுபாடு இல்லை. எனவே மூட்டு பூட்டிக்கொள்ளாத நிலையில், நடுவயதினர் முதலில் நாட வேண்டியது தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையுமே. கிழிசல் என்று அறிக்கையில் எழுதியிருப்பதே அறுவைக்குப் போதிய காரணமாகாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நம் தாய்மாரும் சகோதரியரும் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். தரையிலிருந்து எழும்போதோ படி இறங்கும்போதோ முழங்காலின் பின்புறம் திடீரென 'டக்' என்ற ஒலியுடன் கடும் வலி எழுந்தால், அது உட்பிறையின் பின்வேர் அறுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தரையில் அமர்ந்தும் குந்தியும் பழகிய ஆசிய நாட்டு நடுவயதுப் பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. சக்கரத்தின் இரும்புப் பட்டை அறுந்ததற்கு ஒப்பானது இது. விரைவில் கண்டறிந்தால், மூட்டு பெரிதும் தேயாதவர்களுக்கு வேரை மீண்டும் எலும்போடு தைத்துவிட முடியும். "வயதானால் மூட்டு வலி வரத்தான் செய்யும்" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்

முழங்கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமற்போதல்; கிழிந்த குருத்து மூட்டிடையே சிக்கியிருக்கக் கூடும். காயத்துக்குப் பின் நான்கு அடிகூட ஊன்றி நடக்க இயலாமை. முழங்கால் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் காணுதல். இது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். வாகன விபத்தில் முழங்கால் விலகியபின் பாதம் குளிர்ந்து வெளுத்தல் அல்லது மரத்துப்போதல். இது இரத்தக் குழாய் சேதமுற்றதற்கு அடையாளம். இந்நிலையில் ஒவ்வொரு மணி நேரமும் காலைக் காப்பதா, இழப்பதா என்பதைத் தீர்மானிக்கும். இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொழுகையும் முழங்காலும்

"முழங்கால் வலிக்கிறதே, தொழுகையில் அமர்வதால்தானோ?" என்று அஞ்சுவோர் உண்டு. நலமாக உள்ள முழங்கால் முழுமையாக மடங்குவதற்கென்றே அமைந்தது. நிதானமாக அமர்ந்து எழுவதால் அதற்குக் கேடில்லை. பழுதுற்ற முழங்காலின் நிலையே வேறு. கிழிந்த பிறையைத் தைத்துக்கொண்டவர் சில மாதங்கள் ஆழமாக மடக்கி அமர்வதைத் தவிர்த்தேயாக வேண்டும். ஏனெனில் மடங்கும்போதுதான் பிறையின்மீது விழும் சுமை கூடுகிறது என்பதை மேலே கண்டோம். தையல் ஆறுமுன் ஸஜ்தாவுக்கு வற்புறுத்தி மடக்கினால் மருத்துவமே வீணாகிவிடும்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது தொழுகை குறித்து வினவ, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்து தொழுமாறும், அதுவும் இயலாவிடில் படுத்துச் சாய்ந்து தொழுமாறும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இறைவன் அளித்த சலுகையை ஏற்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. உடல் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைச் சிதைத்துக்கொள்வது வணக்கத்தின் பகுதியாகாது. அதே வேளையில் சிறு வலிக்கெல்லாம் நாற்காலியை நாடுவதும் முறையன்று. மூட்டை மடக்காமலே விட்டுவிட்டால் அது விறைத்துப்போகும், தசையும் மெலியும். எந்த அளவு மடக்கலாம் என்பதை மருத்துவரிடமும், அந்நிலையில் எவ்வாறு தொழுவது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவது சிறந்தது. மருத்துவரிடம் செல்லும்போது, "நான் தரையில் மடக்கி அமர்ந்து நாள்தோறும் தொழுபவன்" என்று மறவாமல் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வளவு மடக்கும் ஆற்றல் தேவை என்பதை அறிந்தே அவர் மருத்துவத்தைத் திட்டமிட வேண்டும்.

வருமுன் காப்போம்

முழங்காலின் உண்மையான காவலர் தொடைத் தசைகளே. காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழ் சிறு துணிச்சுருளை வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து நொடி இறுக்கித் தளர்த்துங்கள். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்காமல் சற்று உயர்த்தி ஐந்து நொடி நிறுத்துங்கள். கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அமருங்கள். ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை செய்யலாம். ஏதேனும் ஒரு தொழுகைக்குப் பின் செய்வதென வைத்துக்கொண்டால் மறக்காது. கூர்மையான வலியோ வீக்கமோ எழுந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

எடையையும் கவனியுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. ரமளானில் பகலில் குறைத்த உணவை இரவில் பொரித்த பண்டங்களால் ஈடுகட்டாமல் இருப்போமானால், அம்மாதம் நம் முழங்காலுக்கும் அருளாகும்.

விளையாடும் பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு முன் இருபது நிமிட உடற்பயிற்சியைப் பழக்குங்கள். குதித்து இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கி, அது உட்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால்பந்தாடும் பெண்பிள்ளைகளிடம் நார்வேயில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பயிற்சி காயங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது.

ஹஜ், உம்ரா நாடியிருப்போர் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே நடைப்பயிற்சியைத் தொடங்குவது நலம். ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை நடப்பதே மூன்று கிலோமீட்டருக்கு மேலாகிறது. தவாஃபும் மினா, அரஃபாத்தின் நடையும் வேறு. பெட்டியை ஆயத்தம் செய்வதற்கு முன் முழங்காலை ஆயத்தம் செய்யுங்கள்.

சகோதர, சகோதரிகளே! பிறைக்குருத்து ஒரு முறை நீக்கப்பட்டால் மறுபடி வளராது. தைக்க முடிந்ததைத் தைத்துக் காப்பதும், தைக்கத் தேவையில்லாததைப் பயிற்சியால் பேணுவதும், வெட்டி நீக்குவதைக் கடைசி வழியாகக் கொள்வதுமே இன்றைய மருத்துவத்தின் தெளிவு. "எடுத்துவிடலாம்" என்று யாரேனும் கூறினால், "தைக்க இயலாதா? பயிற்சியால் தீராதா?" என்று பணிவுடன் கேட்பது உங்கள் உரிமை. தேவையானால் மற்றொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள்.

இறுதி மூச்சு வரை தன் முன்னிலையில் நிற்கவும் குனியவும் நெற்றி வைக்கவும் வல்லவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.